கொப்பி இல்லாத படக்காரி

நாவற்குடாவில் பாலசுந்தரியின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரும் அலையத் தேவையில்லை. "படம் எடுக்கிற அக்காட வீடு" என்றால் ஆட்டோக்காரர் மறு கேள்வி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். படம் எடுக்கிறவளின் வீடாயிற்றே, சுவரெல்லாம் படமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால் ஏமாந்துதான் போவீர்கள். ஒரு பிள்ளையார், ஒரு கலண்டர், மகள் கம்சாயினி பட்டம் வாங்கிய அன்று பல்கலைக்கழக வாசலில் வேறு யாரோ எடுத்துக் கொடுத்த படம். வேறொன்றும் கிடையாது. இருபது வருசத்துக்கு மேலாகக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவள், தான் எடுத்ததில் ஒன்றைக்கூட வைத்திருக்கவில்லை. அலட்சியத்தால் அல்ல. அவளுடைய தொழிலே அதில்தான் நின்றது.

நாவற்குடாவில் பஸ் ஏறி, பிடித்து நிற்கக் கம்பி தேடுவதற்குள் காத்தான்குடி வந்துவிடும். அது முஸ்லிம் ஊர்; அங்கே கல்யாண வீடென்றால் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பொண்ணை அலங்கரிக்கும் அறைக்குள் ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். முக்காடு கழற்றி, தலைமுடியை விரித்துவிட்டு, மருதோண்டி காய்ந்த கையோடு அந்த அறைக்குள் இருக்கிற கோலத்தை ஒரு படமாக வைத்துக்கொள்ள எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசை வராது? ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தால் அவர்களிடம் நெகட்டிவ் நிற்கும். பிறகு வந்த போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரவு எடுத்த படம் விடிவதற்குள் கட்டார் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

பாலசுந்தரியின் கமராவில் அந்தப் பயம் இல்லை. மடித்தால் புத்தகம் மாதிரித் தட்டையாகிவிடும், விரித்தால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு போலரொய்ட் கமரா அது. அமத்தினால் 'கிர்ர்' என்று சத்தம் போட்டு வாய்க்குள்ளால் ஒரு படத்தைத் தள்ளும். மங்கலாக வரும் படம் பொண்ணின் கையில் இருக்க இருக்கத் தெளிந்து முகமாகும். அந்த ஒரு படம்தான். நெகட்டிவும் இல்லை, கொப்பியும் இல்லை. எடுத்தவளே நினைத்தாலும் இன்னொன்று கொடுக்க முடியாது. வைத்திருப்பதும் கிழித்துப்போடுவதும் படத்துக்கு உரியவளின் பாடு. அதனால்தான் எவ்வளவு கட்டுப்பாடான வீடென்றாலும் பாலசுந்தரிக்குக் கதவு திறந்தது. கமராவுக்கு 'மூக்கன்' என்று பேரும் வைத்துவிட்டார்கள். "சுந்தரியக்கா மூக்கனோட வந்திட்டா" என்றால் அறைக்குள் ஒரு கலகலப்பு எழும்பும்.

மூக்கன் வந்தது குவைத்தில் இருந்து. கல்யாணம் முடித்துக் கம்சாயினி கைக்குழந்தையாக இருக்கும்போது பாலசுந்தரி வீட்டு வேலைக்கு அங்கே போனாள். போகாமல் என்ன செய்வது, புருசன் குஞ்சித்தம்பி வாவியில் வலை வீசுகிறவர். சண்டை நடந்த அந்த வருசங்களில் வாவிக்குள் தோணி இறக்கிய நாட்களைவிட இறக்காத நாட்கள்தான் அதிகம். குவைத்து வீட்டு எசமானி பெண்களுக்கு மட்டும் விருந்து வைப்பாள். அந்த விருந்தில் படம் எடுப்பதற்கு மூக்கன். ஒருநாள் எசமானி, "நீ எடு, நானும் படத்தில நிக்கவேணும்" என்று கமராவைப் பாலசுந்தரியின் கையில் கொடுத்துவிட்டாள். அன்றைக்குத் தொட்டதுதான். மூன்றாவது விருந்தில் பெண்கள் எசமானியைத் தேடவில்லை, பாலசுந்தரியைத் தேடினார்கள். ஊருக்குத் திரும்பும்போது எசமானி சங்கிலி வேண்டுமா, கமரா வேண்டுமா என்று கேட்டாளாம். இந்தப் பைத்தியக்காரி கமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். குஞ்சித்தம்பி இன்றைக்கும் அந்தச் சங்கிலியைப் பற்றி ஞாபகப்படுத்துவார்.

ஆகக் கடைசியில் மூக்கனுக்கும் வயது போனது. படத்தாள் பெட்டி கிடைப்பதே கஷ்டமாகி, கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்து, வந்ததும் பாதி மஞ்சள் பூத்து என்று சில வருசங்கள் இழுபட்டது. பிறகு ஒருநாள் ஏறாவூரில் ஒரு கல்யாண வீட்டில் படத்தைப் பாதி வெளியே தள்ளிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே பல்லுச் சக்கரம் தேய்ந்துவிட்டது. மாற்றுச் சக்கரத்துக்கு எங்கே போவது? புதிதாக வரும் சின்ன உடனடிக் கமரா ஒன்றை வாங்கிப் பார்த்தாள். வந்த படம் தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிசு. பிளாஷ் அடித்து முகமெல்லாம் மாவு பூசினது மாதிரி. "அடையாள அட்டைக்கா அக்கா எடுக்கிறீங்க?" என்று ஒரு பொண்ணு கேட்டுவிட்டாள். பாலசுந்தரி அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டாள்.

அந்தக் காலத்தில்தான் மட்டக்களப்பு டவுனில் இருந்து ஒரு பெண்கள் அமைப்பைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் தேடி வந்தார்கள். மாவட்டத்துப் பெண்கள் எடுத்த படங்களை வைத்து ஒரு கண்காட்சி. பாலசுந்தரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு படம் தந்தால் போதும்.

"என்னட்டப் படம் ஒண்டும் இல்ல புள்ள" என்றாள் பாலசுந்தரி.

"இத்தன வருசமா எடுக்கிறீங்க. ஒண்டுகூடவா?"

"ஒண்டுகூட இல்ல. எல்லாம் படத்தில நிண்ட ஆக்கள்ட கையில."

அந்தப் பிள்ளை கெட்ட மனதோடு சொல்லவில்லை; ஆனால் சொல்லிவிட்டது: "அப்ப நீங்க படம் எடுக்கிற ஆள் எண்டு நாங்க என்னத்த வெச்சு அக்கா நம்புற?" தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மாசி கடைசி வரைக்கும் நேரம் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கேள்வி பாலசுந்தரிக்குள் முள்ளாக ஏறிவிட்டது. சட்டி கழுவும்போதும் குத்தியது, பூப் பறிக்கும்போதும் குத்தியது. எத்தனை முகம் பார்த்தாள், எத்தனை சிரிப்பைப் பிடித்துக் கொடுத்தாள். நாளைக்கு அவள் கண்ணை மூடினால், இவள் எடுத்தது இது என்று காட்ட ஒரு துண்டு உண்டா? தனக்கென்று ஒரு படம் வேண்டும். நல்லதாக ஒன்று. அது அவள் பெயரோடு ஒரு சுவரில் தொங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஐம்பது வயது தாண்டியவளுக்கு வந்த அந்த ஆசையைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழி காட்டினது கம்சாயினி. அவள் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவள். ஆசைப்பட்டு முன்பொருமுறை யாரிடமோ பழசாக வாங்கிய டிஜிட்டல் கமரா ஒன்று அவளுடைய அலுமாரியில் கிடந்தது. வாவிக் காற்று சும்மா விடுமா? லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்து வலை பின்னிவிட்டது. உடம்பு மட்டும் நல்லாக இருந்தது. மூக்கனுக்கோ கண்ணாடி நாலும் நேற்று வாங்கினது மாதிரி, உடம்புதான் செத்துப்போயிற்று. ஒன்றுக்குக் கண் இல்லை, மற்றதுக்கு உடம்பு இல்லை.

"மூக்கன்ட லென்ஸ இதில பூட்டினா என்னம்மா? அதே படம்தான் வரும். கொப்பியும் நிக்கும்" என்றாள் கம்சாயினி.

கொப்பியும் நிக்கும் என்றது பாலசுந்தரியின் காதில் நன்றாகவே விழுந்தது. போய் ஸ்குரூ திருப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூக்கனைக் கழற்றுவதில் போனது. லென்ஸை வெளியே எடுத்தாயிற்று, அதைக் கமராவில் இருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது? பாலசுந்தரி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள். லென்ஸைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினாள். ஓரிடத்தில் வளவுத் தென்னை தலைகீழாக, ஓலை ஓலையாகத் தாளில் வந்து விழுந்தது. "பிடி, பிடி, அசையாத" என்று மகளைத் தையல் நாடாவால் அளக்க வைத்தாள். அதில் கமராவின் வாய்க்குள் படம் விழும் தகடு வரைக்கும் உள்ள ஆழத்தைக் கழித்தார்கள். மிஞ்சினதுதான் லென்ஸையும் கமராவையும் இணைக்கும் குழாயின் நீளம். மூக்கனின் முன் கண்ணாடியைத் திருகித்தான் கிட்டவும் தூரமும் தெளிவாக்குவது. அது அப்படியே வேலை செய்ததால் பாதிக் கஷ்டம் குறைந்தது.

குழாயைக் கடைந்து தந்தவர் டவுனில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் உசனார். படகு எஞ்சினில் தண்டு சுழலும் புஷ் வளையம் கடைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அலுமினியக் குழாய், ஒரு பக்கம் லென்ஸ் இறுக, மறு பக்கம் கமராவின் மூடியில் வட்டமாக வெட்டிப் பொருத்திய வளையம். மயிரிழை பிசகாமல் இருந்தது. பாலசுந்தரி பூட்டி முதல் படம் எடுத்தாள். எல்லாம் பால் ஊற்றினது மாதிரி வெளிறி, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. லென்ஸைக் கெடுத்துவிட்டோம் என்று கண் கலங்கிப்போய் அடுத்த நாள் பட்டறைக்கு ஓடினாள்.

உசனார் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "இதில என்ன பிழ? உள்ளுக்குப் பாருங்க, கண்ணாடி மாதிரி மினுங்குது. அத நான் காசில்லாம உங்களுக்கெண்டு தீட்டித் தந்த. புஷ் எண்டா உள்ளுக்கு மினுங்கோணும், இல்லாட்டி சுத்துற சாவ்ட்டத் திண்டுடும்."

பாலசுந்தரிக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. கமராக் குழாய்க்குள் இருட்டு வேண்டும். மினுக்கம் இருந்தால் வெளிச்சம் உள்ளே பட்டுத் தெறித்துப் படத்தைக் கெடுக்கும். எஞ்சினுக்கு நல்லது செய்து பழகிய கை, இதற்கும் நல்லது என்று நினைத்து மணிக்கணக்காகத் தீட்டியிருக்கிறது. அந்த மனுசனை என்னவென்று கோபிப்பது? "நல்ல வேலதான் உசனார் காக்கா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு நேரே காத்தான்குடிக்குப் போனாள், அபாயா தைக்கிற றமீஸாவிடம்.

றமீஸா பாலசுந்தரியின் வயதுக்காரி. புருசன் மவுத்தாகிப் பத்து வருசத்துக்கு மேல். தையல் மெசினை மிதித்தே ஒரே மகள் முப்லிஹாவைப் படிக்க வைத்து, அவளுக்கென்று வீட்டையும் கட்டி முடித்தவள். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். உம்மா பின்வளவில் போட்ட சின்னக் குடிலுக்குப் போய்விடுவாள். கல்யாணத்துக்கும் நாள் குறித்தாயிற்று.

"கறுப்பு வெல்வெட்டுத் துண்டு ஒண்டு வேணும் கா. குழாய்க்குள்ள ஒட்டோணும். வெளிச்சம் மினுங்குது."

றமீஸா வெட்டுத் துண்டுகளுக்குள் கிளறி எடுத்துத் தந்தாள். அவளே பசை பூசி, குழாய்க்குள் சுருக்கம் விழாமல் ஒட்டியும் தந்தாள். "மூக்கனுக்கும் அபாயா தைக்கிற காலம் வந்திட்டு" என்று சிரித்தாள். "என்ட மகள்ட கலியாணத்துக்கு இவனத்தான் கொண்டு வரோணும். வேற ஆரையும் நான் உள்ளுக்கு எடுக்கமாட்டன்."

இது வேற கமரா, இதில் கொப்பி நிற்கும் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. பாலசுந்தரி வாயைத் திறந்தாள், "சரி கா, வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வெல்வெட்டு ஒட்டினபிறகு வந்த படத்தைப் பார்த்து மகளும் தாயும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதே மூக்கன்தான். கடும் வெயிலிலும் கன்னம் பஞ்சு மாதிரி மெதுவாக விழுந்தது; கண் மட்டும் கூர்மையாக நின்றது. ஒரேயொரு தொந்தரவு. பழைய பெரிய படத்துக்குச் செய்த லென்ஸ், புதுக் கமராவின் சின்னத் தகட்டில் நடுப்பகுதியை மட்டும்தான் போடும். முன்பு ஆள் முழுக்க விழுந்த தூரத்தில் இப்போது மூக்கும் வாயும்தான் விழுந்தன. முழு ஆளும் வேண்டுமென்றால் அடுத்த அறைக்குப் போய் நின்றுதான் எடுக்க வேண்டும்.

முப்லிஹாவின் கல்யாணத்தன்று பாலசுந்தரி வேளையோடு போய்விட்டாள். குழாயின் முன்னால் மூக்கனின் பழைய தோல் முகப்பை ஒட்டியிருந்தாள். பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பையில் இருந்த, கமராவோடு இணைத்த சின்னப் பிரிண்டர் வெள்ளைக் கரை வைத்துப் படத்தைத் தள்ளியது. பொண்ணின் கையில் கொடுத்தாள். ஒரு குமரி மட்டும் கேட்டாள், "ஏன்கா, முந்தி அவன்ட வாய்க்குள்ளால வந்த படம் இப்ப பேக்குக்குள்ளால வருது?"

"அவனுக்கு வயித்துக்கு ஏலா" என்றாள் பாலசுந்தரி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையின் வாயைப் பாதி மூடிவிட்டாள்.

நாலைந்து படத்துக்குப் பிறகு பொண்ணை முழுதாக எடுப்பதற்காகப் பின்னால் பின்னால் போய், மண்டபத்தைத் தாண்டிச் சமையல் நடக்கும் குசினி வாசலில் நின்றாள். அவ்வளவு தூரத்தில் நின்றவளை அறைக்குள் இருந்தவர்கள் மறந்தே போனார்கள். அப்போதுதான் றமீஸா வெளியே விருந்தாட்களை வரவேற்றுவிட்டு முக்காட்டோடு உள்ளே வந்தாள். மகளின் தலையில் ஏதோ சரியில்லை என்று கண்டவள், ஊசிகளை உதட்டில் கடித்துக்கொண்டு முடியைத் தூக்கிக் குத்தத் தொடங்கினாள். முப்லிஹா என்னவோ சொல்லித் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே மருதோண்டிக் கையை உயர்த்தி உம்மாவின் தோளில் வைத்தாள். றமீஸா சிரிக்கவில்லை. மகளின் உச்சந்தலையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அடுத்த நாள் முதல் அந்த வீடு அவளுடையது இல்லை என்பதோ என்னவோ, அத்தனையும் அந்தப் பார்வையில் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் இரண்டு பேரிலும் விழுந்தது. பாலசுந்தரி அமத்தினாள்.

தன் வாழ்க்கையில் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அமத்தும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எடுத்த எல்லாவற்றையும் அச்சடித்துப் பொண்ணின் கையில் கொடுத்தாள். அதை மட்டும் அச்சடிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கம்சாயினி கார்டை லப்டொப்பில் போட்டு அந்தப் படத்தைத் திறந்தாள். திரை நிறைய முப்லிஹாவின் சிரிப்பு, விரிந்த முடி, வெறுங்கழுத்து. பக்கத்தில் றமீஸா. "அம்மா" என்றாள் கம்சாயினி. "இதத்தான் குடுக்கிறம். வேற பேச்சில்ல."

பாலசுந்தரிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அந்த நேரம் பார்த்து, விடியப்புறம் வாவிக்குப் போன குஞ்சித்தம்பி ஈரச் சாரத்தோடு, இறால் வாளியும் கையுமாக உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு நல்ல மனதோடு கேட்டார்: "ஆருட புள்ள இது? வடிவா இரிக்காள்."

பாலசுந்தரி லப்டொப்பைப் படாரென்று மூடினாள். கம்சாயினி திடுக்கிட்டுப் பார்த்தாள். அவர் வாளியோடு விழித்துக்கொண்டு நின்றார். அவரில் என்ன பிழை? பாவம், கண்ணுக்கு முன்னால் கிடந்ததைப் பார்த்தார். ஆனால் அந்த அறைக்குள் ஒரு ஆண் எட்டிப் பார்த்தாயிற்று. கூட்டிக்கொண்டு போனது பாலசுந்தரி. கண்காட்சியில் தொங்கவிட்டால் ஊரே எட்டிப் பார்க்கும். இருபது வருசமாகக் கதவைத் திறந்துவிட்டவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. அவள் வெட்கத்தால் குறுகிப்போனாள்.

"அம்மா, ஆருக்கும் தெரியப்போறல்ல" என்றாள் கம்சாயினி மெதுவாக.

"எனக்குத் தெரியும்தானே மகள்" என்று கார்டைக் கழற்றிக் கமராவில் போட்டுக்கொண்டு, பிரிண்டரையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

கல்யாணம் முடிந்த வீடு இன்னும் அடுக்கி முடியவில்லை. மாப்பிள்ளை பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். றமீஸா தையல் மெசினைப் பின்வளவுக் குடிலுக்குள் தூக்கி வைத்துவிட்டுக் களைத்துப்போய் இருந்தாள், முப்லிஹா பக்கத்தில். பாலசுந்தரி இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இது பழைய கமரா இல்லை, லென்ஸ் மட்டும்தான் பழசு. இதில் கொப்பி நிற்கும். ஒரு படத்தைத் தராமல் கொண்டு போனேன். வீட்டில் மகள் பார்த்தாள். வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார்.

றமீஸாவின் முகம் இறுகிப்போனது. பிறகு, "என்ட துணிய வாங்கித்தானே கா அதுக்குள்ள ஒட்டின நீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு அடி அடித்திருந்தால்கூடப் பாலசுந்தரிக்கு அவ்வளவு வலித்திராது.

முப்லிஹாதான் வாயைத் திறந்தாள். "அவரு பாத்திட்டு என்ன சொன்ன?"

"ஆருட புள்ள, வடிவா இரிக்காள் எண்டார்."

முப்லிஹா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாளோ என்று பாலசுந்தரிக்கு ஒரு சந்தேகம். றமீஸா முறைத்த முறைப்பில் அது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

"படத்த எடுங்க பாப்பம்" என்றாள் றமீஸா.

பிரிண்டர் படத்தைத் தள்ளியது. பாலசுந்தரி அதை றமீஸாவிடம் கொடுத்துவிட்டு, கமராவை அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் வைத்து, கார்டில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். வெறும் திரையைக் காட்டினாள். கார்டையும் கழற்றி மேசையில் வைத்தாள். இனி அந்தப் படம் றமீஸாவின் கையில் இருந்தது மட்டும்தான்.

றமீஸா அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். முதலில் மகளைத்தான் பார்த்திருப்பாள். பிறகு கண் மற்றப் பக்கம் போனது. போன கண் அங்கேயே நின்றுவிட்டது. ஊசி கடித்த வாயும், கண்ணுக்குக் கீழே கறுப்பும், அந்தப் பார்வையுமாக ஒரு பெண்.

"இது நானா?" என்றாள். "ஐடிக்கு எடுத்ததுக்குப் பொறகு என்ன ஆரும் எடுக்கல்ல." கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு எடுத்துக் குடுத்த நீங்க, இத மட்டும் ஏன்கா ஒளிச்ச?" என்று கேட்டாள். குரலில் சூடு குறைந்திருந்தது.

பாலசுந்தரி கண்காட்சிக் கதையைச் சொன்னாள். "நான் எடுத்த எண்டு காட்ட என்னட்ட ஒண்டும் இல்ல கா. ஒண்டு வேணும்போல இரிந்திச்சு. அதான்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

றமீஸா எழும்பிப்போய்த் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். துண்டு துண்டாக வெட்டிப்போடப் போகிறாள் என்று பாலசுந்தரி நினைத்தாள். வெட்டட்டும், அவளுடைய படம்.

"என்ட மகள்ட மொகத்த நான் தரமாட்டன்" என்றாள் றமீஸா. "இது என்ட மொகம். நான் முக்காட்டோடதான் இரிக்கன். இதக் குடுக்கிறதும் விடுறதும் என்ட விருப்பம்." படத்தின் மேல் கரையில், இரண்டு தலைகளுக்கும் நடுவில் கத்தரிக்கோலை வைத்தாள். அபாயா வெட்டும் கை, நேராக இறங்கியது. பாதியில் வந்து நின்றது. முப்லிஹாவின் கை, நடுவைத் தாண்டி வந்து உம்மாவின் தோளில் கிடந்தது.

கத்தரிக்கோல் அசையவில்லை. றமீஸா மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"கைய வெட்டாதீங்க உம்மா" என்றாள் முப்லிஹா. "அது ஒங்களோடயே கெடக்கட்டும்."

றமீஸா படத்தை மெல்லத் திருப்பித் திருப்பி, மணிக்கட்டைச் சுற்றி வளைத்து வெட்டினாள். மகளின் பாதி மகளிடம் போனது, ஒரு கை இல்லாமல். மற்றப் பாதி பாலசுந்தரியிடம் வந்தது.

அதற்குப் பிறகு காத்தான்குடியில் ஒரு வழக்கம் தொடங்கிவிட்டது. பாலசுந்தரியைக் கூப்பிடுகிற வீட்டில் கார்டை அவர்களே வாங்கி வைப்பார்கள். போனதும் போட்டுக்கொள்வாள், முடிந்ததும் கழற்றிப் பொண்ணின் கையில் கொடுத்துவிட்டு வருவாள். கூப்பிடாமல் விட்ட வீடுகளும் உண்டு. அது அவர்கள் விருப்பம் என்று அவள் யாரையும் குறை சொல்லவில்லை.

டவுன் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. வாசல் அகலத்துக்கு வாவியும் பாலமும் சூரியனுமாகப் பெரிய பெரிய படங்கள். அவற்றுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு பாதிப் படம், ஒரு கரை வளைந்து நெளிந்து. கீழே 'பாலசுந்தரி குஞ்சித்தம்பி, நாவற்குடா'. பாலசுந்தரி நல்ல சேலை உடுத்து அதற்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இரண்டாம் நாள் பின்னேரம் றமீஸா சாமான் பையோடு வந்து சேர்ந்தாள். "மூக்கு இவ்வளவு பெரிசாவா கா எனக்கு?" என்றாள். பிறகு பாலசுந்தரியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

கண்ணாடி போட்ட ஒரு ரீச்சர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பார்த்துவிட்டுப் பாலசுந்தரியிடம், "தோளில இரிக்கிற கை ஆருடைய?" என்று கேட்டார்.

பாலசுந்தரி உதட்டை இறுக்கிக்கொண்டாள். என்ன கேட்டாலும் சொல்வதில்லை என்று அவள் தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"அது என்ட மகள்ட கை" என்றாள் றமீஸா.

ரீச்சர் நிமிர்ந்து றமீஸாவின் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்பவும் அவளைப் பார்த்தார். றமீஸா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு பாலசுந்தரியின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள்.

"எடுத்தது இவ" என்றாள்.